ஒற்றைக் கொம்பு

நோட்டீஸ் வந்த நேரத்தில் பூட்டுக்காரியின் வாயில் ஒரு சாவி இருந்தது. இரண்டு கையும் வேலையாக இருக்கும்போது மூன்றாவது கை வாய்தான், அந்தத் தொழிலில் எல்லாருக்கும் உள்ள பழக்கம் அது. அந்தச் சாவி புண்ணியத்தில் நோட்டீஸ் கொண்டுவந்த டிரைவர் அவள் வாய்க்குத் தப்பிப் பிழைத்தான். கவரையும் தங்கமுலாம் எழுத்துப் பதித்த கனமான ஒரு புத்தகத்தையும் மேசைமேல் வைத்துவிட்டு, "தலைவர் கொடுக்கச் சொன்னார்" என்று ஒரே ஓட்டமாக ஓடிவிட்டான்.

தலைவர் என்றால் கட்சித் தலைவர், ஊர்த் தலைவர் எல்லாம் இல்லை. கோடியார் குடும்பச் சங்கத்தின் தலைவர். கட்டடக் காண்ட்ராக்டர், பங்காளி முறையில் பூட்டுக்காரிக்கு அண்ணன். சங்கத்தை அவரே தொடங்கி, அவரே தலைவராகி, அவரே மாலையும் வாங்கிவந்து போட்டுக்கொண்டு ஆறு வருஷம் ஆகிறது. அதிலிருந்து அவர் மனைவிகூட வீட்டில் "தலைவரே, குளிச்சாச்சா?" என்றுதான் கேட்கிறாள் என்று சொந்தத்தில் பேச்சு.

பூட்டுக்காரி சாவியைத் துப்பிவிட்டுக் கவரைப் பிரித்தாள். வக்கீல் நோட்டீஸ். "கோடியார் பூட்டுக்கடை" என்ற பலகையைப் பதினைந்து நாளுக்குள் இறக்க வேண்டும். கோடியார் என்ற குடும்பப் பெயரை அவளோ அவள் வாரிசுகளோ இனி எங்கேயும் பயன்படுத்தக் கூடாது. காரணம், கூட அனுப்பியிருக்கும் நூலின் நாற்பத்திரண்டாம் பக்கம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் நூல் வெளியீடும், அவள் கிளையைக் குடும்பப் பட்டியலிலிருந்து நீக்கும் தீர்மானமும் நடைபெறும்.

"அடப்பாவி!" என்றாள், கடையில் யாரும் இல்லாவிட்டாலும் வாய்விட்டு.

நாற்பத்திரண்டாம் பக்கத்தைப் பிரித்தாள். எழுத்து கொழகொழவென்று இருந்தது. ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தாறாம் ஆண்டில் வெறுங்கையோடு இந்த ஊரில் காலடி வைத்தாராம் மூதாதை. கயிற்று வியாபாரத்தில் கோடி கோடியாகச் சேர்த்தாராம். அதனால் மக்கள் அவரைக் கோடியார் என்று வாயார அழைத்தார்களாம். கீழே இன்னொரு பத்தி. "அவருடைய வளர்ச்சியைக் கண்டு வந்து ஒட்டிக்கொண்ட ஒருத்தியை எழுபத்திரண்டாம் ஆண்டு அரசாங்க ஏடே 'கொடியாள்' என்று குறிக்கிறது. எப்பேர்ப்பட்ட பெண்ணாக இருந்திருந்தால் சர்க்கார் எழுத்தர் ஏட்டிலேயே அப்படி எழுதியிருப்பார்! முறைப்படி மணந்த மனைவியின் வாரிசுகளுக்கே இப்பெயர் உரியது; அந்தக் கொடியவளின் வயிற்றில் வந்த கிளைக்கு இதில் உரிமை கிடையாது." எதிர்ப் பக்கத்தில் அந்த ஏட்டின் புகைப்படம் முழுப் பக்கத்துக்கு.

அந்தக் கொடியவளின் வயிற்றில் வந்த கிளைதான் பூட்டுக்காரி. அது அவளுக்குப் புதுசு இல்லை. சொந்தத்தில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் அவர்களுக்குக் கடைசிப் பந்திதான். ஒரு தடவை குடும்பப் போட்டோ எடுக்க எல்லாரும் வரிசையாக நின்றார்கள். அவள் அப்பா தலை சீவிக்கொண்டு ஓரத்தில் போய் நின்றார். தலைவரின் அப்பா திரும்பிப் பார்த்து, "நீ கொஞ்சம் தள்ளிக்கோப்பா, இது குடும்பப் போட்டோ" என்றார். அப்பா மறுநாள் ஒரு டின் சிவப்புப் பெயின்ட் வாங்கி வந்து, அதுவரைக்கும் வெறும் "பூட்டுக்கடை"யாக இருந்த பலகையில் முன்னால் "கோடியார்" என்று தன் கையாலேயே எழுதினார். ஒவ்வொரு எழுத்தும் முழம் உயரம். கோ-வுக்கு அவர் போட்ட இரட்டைக் கொம்பு பக்கத்துத் துணிக்கடைப் பலகையையே முட்டும். தெருக்கோடியிலிருந்து கண் மங்கிய கிழவன்கூடப் படிக்கலாம். அப்பா இப்போது இல்லை. கொம்பு இருக்கிறது.

அந்தப் பலகையைத்தான் இறக்கச் சொல்கிறான்.

அவளுக்கு அழுகை வந்தது. துக்கத்தில் வந்தது இல்லை, ஆத்திரத்தில் வந்தது. அது இன்னும் மோசம், நிறுத்தவும் முடியாது, யாரிடமும் ஆறுதலும் கேட்க முடியாது.

வீட்டில் புருஷனிடம் காட்டினாள். பஸ் டிப்போவில் மெக்கானிக். மனுஷன் நல்லவர்தான், ஆனால் சண்டை என்றால் கட்டிலுக்கு அடியில் இடம் தேடுகிற ஜாதி.

"இறக்கிட்டுப் போயேன். பேர்ல என்ன இருக்கு? பூட்டு ரிப்பேர்னு போட்டா ஆள் வரமாட்டானா?"

"உங்க சட்டையில டிப்போ பேரு இருக்கே, அதைக் கிழிச்சிட்டு நாளைக்கு வேலைக்குப் போங்களேன், பார்ப்போம்."

"அது வேற, இது வேற."

"எது வேற? எங்க அப்பாவை ஒரு ஓரமா நிக்கவிடல. இப்ப அவர் எழுதின எழுத்தையும் நிக்கவிட மாட்டாங்களாம். நூத்தைம்பது வருஷத்துக்கு முன்னால செத்தவளைக் கொடியவன்னு அச்சடிச்சு, தங்கமுலாம் பூசி விக்கப் போறான். நான் வாயைப் பொத்திக்கிட்டு ஏணி எடுத்துட்டு வரணுமா?"

அவர் அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை. எதைத் திறக்கலாம், எதைத் திறக்கக் கூடாது என்று பூட்டுக்காரியோடு இருபது வருஷம் குப்பை கொட்டினவருக்குத் தெரியாதா!

மறுநாள் காலையில் கடையைச் சாத்திவிட்டுப் பழைய ஏடுகள் இருக்கும் அலுவலகத்துக்குப் போனாள். தரைக்குக் கீழே ஒரு நீள அறை. இரும்பு அலமாரிகள், ஈரவாடை, மேலே துடித்துத் துடித்து எரிகிற குழல்விளக்கு. வாசலில் ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் ஓர் எழுத்தர். முப்பது வயது இருக்கும், முகத்தில் மட்டும் அறுபது வயதுச் சலிப்பு.

"பேனா உள்ள கொண்டு போகக் கூடாது. பென்சில் மட்டும்தான். பை வெளிய."

"பையில என் கருவி இருக்குங்க."

"அதுக்குத்தான் வெளிய."

வீடு வீடாகக் கணக்கெடுத்து எழுதிய எழுபத்திரண்டாம் வருஷத்து வீதி ஏட்டைக் கேட்டாள். "அதைத்தான் எல்லாரும் கேட்கிறீங்க. காண்ட்ராக்டர் ஒருத்தர் வந்து போட்டோ எடுத்து எடுத்து அட்டையே கழண்டு போச்சு" என்று முனகிக்கொண்டே கொண்டுவந்து போட்டார். சம்பளமே ஏட்டை எடுத்துக் கொடுக்கத்தான் என்பது அவருக்கு மறந்துபோய் ரொம்ப நாள் ஆகியிருந்தது.

பூட்டுக்காரி படித்தது எட்டாவது வரைக்கும். பழைய எழுத்து ஒன்றும் அவளுக்குப் புரியவில்லை. ஆனால் அவள் கண் வேறு மாதிரிக் கண். ஒரு நாளைக்கு அறுபது சாவியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்தப் பல் எவ்வளவு ஆழம் என்று பார்க்கிற கண். புத்தகத்துப் போட்டோவில் இருந்த அதே முப்பத்தொன்றாம் எண் வீட்டுக்கு நேரே இரண்டு வரி இருந்தது. ஒன்றின் கீழ் ஒன்று. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். மூக்கு ஏட்டில் இடிக்கும் அளவுக்குக் குனிந்து பார்த்தாள்.

"தம்பி, இங்க வாங்க. இந்த ரெண்டும் ஒரே சாவி. கடைசிப் பல்லு மட்டும்தான் வேற."

"சாவியா?"

"இந்த எழுத்துங்க. மேல என்ன இருக்கு, கீழ என்ன இருக்கு?"

எழுத்தர் கொட்டாவியை அடக்கிக்கொண்டு குனிந்தார். "மேல கோடியார். கீழ..." நிறுத்தினார். "கீழ கொடியாள்னு அந்த காண்ட்ராக்டர் சொன்னாரு."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"இந்தக் கையெழுத்துல புள்ளியே இருக்காது, தேடாதீங்க. காலும் ரகரமும் ஒரே மாதிரிதான் போடுவாங்க. கொம்பும் ஒத்தைக் கொம்புதான். இப்ப நாம நெடிலுக்கு ரெட்டைக் கொம்பு போடறோம் இல்லையா, அதெல்லாம் இந்த ஆளுகிட்ட கிடையாது. கொ-வும் கோ-வும் ஒரே எழுத்து. படிக்கிறவன்தான் இடம் பார்த்து நீட்டிக்கணும், குறைச்சுக்கணும்."

"அப்ப மேல இருக்கிறதும் கொ, கீழ இருக்கிறதும் கொ."

"ஆமா. இல்லைன்னா மேல கோ, கீழயும் கோ."

பூட்டுக்காரி நாற்காலியில் சாய்ந்தாள். அவளுக்குள் ஏதோ டக்கென்று விழுந்தது. பூட்டு திறக்கும்போது உள்ளே விழுமே, அது மாதிரி. ஆனால் பாதிதான் திறந்திருந்தது. கோடியாள் என்றால் என்ன? கோடி சேர்த்தவளா? பக்கத்தில் கயிறு திரிக்கிறவள் என்றல்லவா போட்டிருப்பதாக எழுத்தர் படித்துச் சொன்னார்?

"இதுக்கு முந்தின ஏடு உண்டா?"

"அறுபத்தொண்ணாம் வருஷத்துது உண்டு. பார்க்க முடியாது."

"ஏன்?"

எழுத்தர் மூலையிலிருந்த பச்சை அலமாரியைக் கைகாட்டினார். "அதுக்குள்ள இருக்கு. சாவி தொலைஞ்சு பதினொரு வருஷம் ஆச்சு. எனக்கு முன்னாடி இருந்தவரு தொலைச்சாரு. மேல எழுதிப் போட்டிருக்கோம். அந்தக் காண்ட்ராக்டரும் கேட்டாரு, இல்லைன்னு அனுப்பிட்டோம்."

பூட்டுக்காரி அந்த அலமாரியைப் பார்த்தாள். பிறகு எழுத்தரைப் பார்த்தாள். பதினொரு வருஷமாக ஒரு பூட்டைப் பார்த்து மேலிடத்துக்கு எழுதிப் போட்டுக்கொண்டிருக்கிற மனுஷனைத் திட்டுவதா, கும்பிடுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"இப்ப என் பையை உள்ள கொண்டு வரலாமா?"

அதற்கு அதிகாரியிடம் எழுதி வாங்க வேண்டியிருந்தது. அதிகாரி மூன்று தடவை "உடைக்கக் கூடாது, உடைக்கக் கூடாது" என்றார். "உடைக்கிறவன் திருடன் சார், நான் திறக்கிறவ" என்றாள். வெட்டாத வெறுஞ்சாவி ஒன்றை மெழுகுவத்திப் புகையில் காட்டிக் கருப்பாக்கி, பூட்டில் விட்டு அழுத்தித் திருப்பி எடுத்தாள். கரி உரசிப் போன இடத்தில் பளபளவென்று சின்னக் கோடு விழுந்திருந்தது. அந்த இடத்தை மட்டும் அரம் போட்டாள். மறுபடி புகை, மறுபடி பூட்டு, மறுபடி அரம். எழுத்தர் முதலில் நின்று பார்த்தார், பிறகு உட்கார்ந்து பார்த்தார், பிறகு சாப்பிடப் போய்த் திரும்பி வந்தும் பார்த்தார். சாப்பாட்டு வேளை தாண்டி பதினேழாவது தடவையில் பூட்டு திரும்பியது. உள்ளேயிருந்து பதினொரு வருஷத்துத் தூசி எழுத்தர் சட்டைமேல் கொட்டியது.

அறுபத்தொன்றாம் வருஷத்து ஏடு முழுசாக இருந்தது. அதே தெரு. எழுத்தர் விரல் வைத்துப் படித்துக்கொண்டே வந்தார். அந்தக் காலத்து ஆளுக்கு வீட்டுக்காரர் பேரைக் கேட்டு எழுதச் சோம்பல்போல. வீடு இருக்கிற இடத்தை வைத்தே பேர் போட்டுக்கொண்டு போயிருந்தான். முதல் வீடு, முனையான். ஏழாம் வீடு, கிணற்றடியான். பதினெட்டாம் வீடு, வளைவான். முப்பத்தொன்றாம் வீட்டோடு தெரு முடிந்துபோகிறது.

"முப்பத்தொண்ணு. கொடியாள். தனி. கயிறு திரிப்பு. சொந்த வீடு" என்று படித்தார்.

"அடுத்த தெருவுல கடைசி வீட்டைப் பாருங்க."

"கொடியான்."

"அதுக்கு அடுத்த தெரு?"

பக்கத்தைத் திருப்பினார். படித்தார். மறுபடி படித்தார். முதல் தடவையாக அவர் முகத்தில் முப்பது வயது தெரிந்தது. "கொடி வீடு, காலி."

"காலி வீடு யாருக்குத் தம்பி கொடுமை பண்ணும்?"

"கோடி வீடு" என்றார் எழுத்தர். "கடைசி வீடு! தெருக்கோடி! அட, கோடியாள்னா கடைசி வீட்டுக்காரிங்க!"

பூட்டுக்காரி வருஷத்தைப் பார்த்தாள். ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தொன்று. மூதாதை இந்த ஊரில் காலடி வைத்தது அறுபத்தாறு. தலைவரே அச்சடித்து வைத்திருக்கிறார். அவர் காலடி வைக்கிறதுக்கு ஐந்து வருஷத்துக்கு முன்னாலேயே அவள் அந்த வீட்டில் சொந்தமாக உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருக்கிறாள். வந்து ஒட்டிக்கொண்டது யார்? "அடியே ஆத்தா!" என்றாள் மெதுவாக. அந்தப் பொம்பளையை அப்படிக் கூப்பிட அவளுக்கு அதுவரைக்கும் தோன்றியதே இல்லை.

இரண்டு பக்கத்துக்கும் சீல் வைத்த நகல் வாங்கிக்கொண்டாள். பச்சை அலமாரியின் புதுச் சாவியை எழுத்தர் மேசையில் வைத்தாள். "இதையும் தொலைச்சிடாதீங்க" என்றாள். அவர் சட்டைத் தூசியைத் தட்டிவிட்டு அதைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை கோடியார் மண்டபத்தில் இருநூறு பேர். மேடைக்குப் பின்னால் கருங்கல்லில் பெரிதாகக் கோடியார் என்று வெட்டியிருந்தது. பூட்டுக்காரியையும் புருஷனையும் பார்த்ததும் வாசலில் நின்ற ஒருவன், "பின்னால போங்க, பின்னால" என்றான். போனாள். கடைசி வரிசையில், தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில், ஓட்டை நாற்காலியில் உட்கார்ந்தாள். இன்றைக்கு அவளுக்குக் கடைசி இடத்தில் உட்கார ஒரு வருத்தமும் இல்லை.

தலைவர் ஒரு மணிநேரம் பேசினார். கோடி என்ற சொல்லை அவர் நூறு தடவையாவது சொல்லியிருப்பார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "இப்ப மனசுக்குக் கஷ்டமான ஒரு தீர்மானம்" என்றார். அவர் முகத்தில் கஷ்டம் எதுவும் இல்லை, கல்யாண வீட்டுக் களைதான் இருந்தது.

பூட்டுக்காரி எழுந்தாள். "நான் ஒண்ணு கேட்கலாமா அண்ணே?"

"உட்காருடி!" என்று நாலைந்து குரல். "இவளை யாரு உள்ள விட்டது?" என்று ஒரு குரல். தலைவர் கையை உயர்த்தினார். பெருந்தன்மை அவருக்கு மைக் முன்னால் மட்டும் வரும். "விடுங்க, பேசட்டும். நாளைக்கு வாயை அடைச்சிட்டாங்கன்னு சொல்லக் கூடாது இல்லையா."

அவள் மேடைக்குப் போனாள். அவருடைய புத்தகத்தையே எடுத்து, அவருடைய போட்டோவையே பிரித்து, அவர் முன்னாலேயே வைத்தாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், இந்த நுணல் தங்கமுலாம் பூசி அச்சடித்துக் கெட்டது.

"இந்த மேல் வரியை மைக்ல படிங்கண்ணே."

"கோடியார்."

"கீழ் வரி?"

"கொடியாள்." கூட்டத்தில் சிரிப்பு.

"மேல் வரியில எத்தனை கொம்பு?"

தலைவர் கண்ணாடியைச் சரிசெய்தார். "ஒண்ணு."

"கீழ் வரியில?"

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் சொல்றேன், ஒண்ணு. ஒரே ஆளு எழுதினது, ஒரே மை, ஒரே கொம்பு. அது ஆம்பளை தலையில இருந்தா கோடி, பொம்பளை தலையில இருந்தா கொடியா?"

"அதெல்லாம் இடம் பார்த்துப் படிக்கணும்மா. உனக்கு என்ன தெரியும்?"

"இடம் பார்த்துத்தான் படிக்கிறேன். கடைசி இடம்." நகலை எடுத்து உயர்த்தினாள். "இது அறுபத்தொண்ணாம் வருஷத்து ஏடு, சர்க்கார் சீல் இருக்கு. ஒவ்வொரு தெருவிலயும் கடைசி வீட்டுக்கு இதே எழுத்துத்தான். ஊர்ல இருந்த கொடியவங்க எல்லாம் சொல்லிவச்ச மாதிரி கடைசி வீட்லயே குடியிருந்தாங்களா? ஒரு வீட்ல ஆளே இல்லை, காலின்னு போட்டிருக்கு, அந்த வீடும் கொடுமைக்கார வீடா? கோடின்னா தெருக்கோடி. பணமும் இல்லை, பாவமும் இல்லை. முப்பத்தொண்ணாம் வீட்டுக்காரி கோடியாள். சொந்த வீடு. உங்க தாத்தா வர்றதுக்கு அஞ்சு வருஷம் முன்னாடியே அவ அங்க இருக்கா. வெறுங்கையோட வந்த மனுஷன் அவ வீட்டுக்குள்ள வந்தாரு, அவ தொழிலைப் பிடிச்சாரு, அவ பேரையும் வாங்கிக்கிட்டாரு. கோடியாள் வீட்டுக்காரர் கோடியார். முறைப்படி கட்டினாரா இல்லையா, எனக்குத் தெரியாது. பேரு மட்டும் அவ போட்ட பிச்சை."

முன்வரிசையில் தலைவருடைய பெரிய அத்தை காதில் கையைக் குவித்துக்கொண்டு, "என்னடா சொல்றா இவ?" என்று கத்தினாள்.

"நம்ம தாத்தா வீட்டோட மாப்பிள்ளையாம் அத்தை!" என்று யாரோ கத்தினார்கள்.

"அதானே பார்த்தேன்!" என்றாள் அத்தை. "இந்த வம்சத்து ஆம்பளைங்க எல்லாம் பொண்டாட்டி வீட்டுக்கு ஏன் இப்படி ஓடுதுங்கன்னு!"

பெண்கள் பக்கம் சிரிப்பு கொல்லென்று கிளம்பியது. தலைவருக்கு முகம் செங்கல்லாகிவிட்டது. கோபத்தில் மனுஷனுக்கு முதலில் போவது புத்தி, அதற்கப்புறம்தான் மற்றதெல்லாம். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அப்ப ரெண்டும் கொடின்னே வச்சுக்கோ! நாங்க கொடியாராவே இருந்துட்டுப் போறோம்! உங்க ஆத்தாகிட்டப் பேர் வாங்கினோம்ங்கிறதுக்கு அது எவ்வளவோ மேல்!"

மைக் நல்ல மைக். வாசலில் செருப்புக்குக் காவல் நின்றவனுக்கும் கேட்டது. கருங்கல்லில் வெட்டிய கோடியாருக்கு முன்னால் நின்று, "நாங்க கொடியவர்கள்" என்று தலைவரே இருநூறு பேருக்கு அறிவித்துவிட்டார். தீர்மானத்தை அப்புறம் யாரும் எடுக்கவில்லை. பூட்டுக்காரி இறங்கி நடந்தாள். யாரும் அவளைப் பாராட்டவில்லை, யாரும் பக்கத்தில் வரவும் இல்லை. முன்னைவிட அதிகமாக முறைத்தார்கள். தண்ணீர் டிரம் பக்கத்தில் புருஷன் எழுந்து நின்றுகொண்டிருந்தார். "உட்காரவே இல்லையா நீங்க?" என்றாள். "நீ பேசும்போது எப்படி உட்கார்றது?" என்றார்.

பதின்மூன்றாம் நாள் தலைவர் கடைக்கே வந்தார். காரை மூலையில் நிறுத்திவிட்டு நடந்து வந்தார். ஸ்டூலில் உட்காரவில்லை.

"இதோ பாரு. நடந்தது நடந்துபோச்சு. நீயும் அந்தப் பேரை வச்சுக்கோ. நான் ஒண்ணும் சொல்லல. புத்தகத்துல அந்தப் பத்தி மேல ஒரு ஒட்டுத்தாள் ஒட்டிடறேன். நீ அந்த நகலை எங்கிட்டக் கொடுத்துட்டு, வெளிய எங்கயும் பேசாம இரு."

"அந்தப் பத்தியை ஒட்டுத்தாள் போட்டு மறைப்பீங்க. அவ யாருன்னு எழுதுவீங்களா?"

"அது எப்படி எழுத முடியும்? கல்லுல வெட்டியாச்சு, கோடி சேர்த்தவர்னு ஊர் பூரா சொல்லியாச்சு. தெருவோட கடைசி வீட்டுக்காரிகிட்டருந்து பேர் வந்துச்சுன்னா எவன் மதிப்பான்?"

"அப்ப எனக்கு வேண்டாம்."

"என்ன வேண்டாம்?"

"நீங்க வச்சுக்கோன்னு சொல்ற பேரு. எங்க பேரை எனக்கே தானம் பண்ண நீங்க யாரு? நோட்டீஸ்ல இன்னும் ரெண்டு நாள் இருக்கு. பலகை இறங்கும். போய்ட்டு வாங்க."

தலைவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். இவள் இவ்வளவு சுலபமாக இறங்கி வருவாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. ஜெயித்தது மாதிரியும் இருந்தது, ஏதோ இடிக்கிற மாதிரியும் இருந்தது. ஜெயித்ததை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.

பதினைந்தாம் நாள் காலை பத்து மணிக்கு எதிர்ச் சாரியில் அவர் கார் வந்து நின்றது. கூடவே வக்கீல் குமாஸ்தா, போட்டோ எடுக்க. பெயின்டர் ஏணி போட்டு ஏறினார். கீழே புருஷன் ஏணியைப் பிடித்துக்கொண்டார், டிப்போவுக்கு லீவு போட்டிருந்தார். பலகை இறங்கியது. குமாஸ்தா போட்டோ எடுத்தார். துணிக்கடைக்காரர் வெளியே வந்து, "என்னம்மா, கடையை மூடறீங்களா?" என்று கேட்டார். கேட்ட தொனியில் வருத்தம் ஒன்றும் பெரிதாக இல்லை, கொம்பு போனால் அவர் பலகை நன்றாகத் தெரியும்.

பலகையை நடைபாதையில் படுக்கப் போட்டார்கள். பெயின்டர் மண்டியிட்டு, "முழுக்க அழிச்சிடட்டுமா?" என்றார்.

"கைய வச்சீங்க, அவ்வளவுதான்! எங்க அப்பா எழுதினது. அந்தக் கடைசி எழுத்தை மட்டும் சுரண்டுங்க."

"ர் எழுத்தையா?"

"ஆமா. அங்க ள் போடுங்க. மத்த எழுத்து எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரம். கஞ்சத்தனம் பண்ணாதீங்க."

பெயின்ட் வெயிலில் காய ஒரு மணிநேரம் ஆனது. அதுவரைக்கும் தலைவர் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். பலகை மறுபடி ஏறத் தொடங்கியதும்தான் கதவைத் திறந்துகொண்டு பாய்ந்து வந்தார்.

"என்ன திமிரு உனக்கு! நோட்டீஸைப் படிச்சியா இல்லையா?"

"வரி விடாமப் படிச்சேன். கோடியார்ங்கிற பேரை எடுக்கச் சொன்னீங்க, எடுத்துட்டேன். அது இனிமே உங்களுக்கே. நீங்களே கட்டிக்கிட்டு அழுங்க." பூட்டுக்காரி ஏணிக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே சொன்னாள். "இது உங்களுக்குக் கொடுத்தாளே, அவ பேரு."

தலைவரும் அண்ணாந்து பார்த்தார். அப்பாவின் இரட்டைக் கொம்பு துணிக்கடைப் பலகையை முட்டிக்கொண்டு நின்றது. கடைசி எழுத்தில் மட்டும் பெயின்ட் இன்னும் ஈரமாக மின்னியது. தலைவரின் உதடு மெதுவாக அசைந்தது. இந்தத் தடவை அவர் சரியாகப் படித்தார்.